சித்திரை வெயிலில் நேரலைப் பெட்டி: சூட்டை அடக்கிய வழி

திருவிழா இடங்களிலிருந்து நேரலை செய்யும் கணினிப் பெட்டி இது. உள்ளே மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய அளவு மதர்போர்டு, ஐ5-12400 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, கேமராப் படத்தைக் கணினிக்குள் வாங்கும், நான்கு எச்டிஎம்ஐ உள்ளீடு கொண்ட கேப்சர் கார்டு. வெளியே 50 × 40 × 25 செ.மீ. அளவில் தடித்த கறுப்பு பிளாஸ்டிக் கேஸ். வண்டியில் ஏற்றி இறக்கினாலும் தாங்கும் ரகம். நான்கு கேமராவை ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளில் மாற்றி மாற்றி யூடியூபுக்கு அனுப்புவதும், கூடவே பதிவு செய்வதும் இதன் வேலை.

மதுரைப் பக்கம் இந்த வேலைக்கு இரண்டு பருவம். சித்திரைத் திருவிழாவில் 40 டிகிரியைத் தொடும் வெயில். தையில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. அப்போது வெயில் பரவாயில்லை. ஆனால் வாடிவாசலுக்கு முன்னால் கொட்டியிருக்கும் தென்னை நார்க்கழிவு காளைகளின் காலில் மிதிபட்டுத் தூளாய்ப் பறக்கும். ஒரே பெட்டி இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

முதலில் வாட் கணக்கு

ஃபேன் வாங்கும் முன் கணக்குப் போட்டாக வேண்டும். உள்ளே போகும் மின்சாரம் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். பிராசசர் டர்போவில் (முழு வேகத்தில்) 117 வாட், கிராபிக்ஸ் கார்டு 170 வாட், போர்டு, கேப்சர் கார்டு, எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாம் சேர்ந்து 35 வாட். பவர் சப்ளையின் இழப்பையும் சேர்த்தால் சுமார் 370 வாட். இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து உள்ளே பூட்டிவிட்ட மாதிரி.

இதில் பெரும்பகுதி தேவையில்லாத சூடு. நேரலைக்கு வீடியோவைச் சுருக்கும் வேலையை கிராபிக்ஸ் கார்டில் உள்ள என்விஎன்க் என்ற தனிச் சுற்று பார்த்துக்கொள்கிறது. விளையாட்டுக்கான கோர்கள் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். அதனால் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை (மின் வரம்பை) 65 சதவீதத்துக்கு இறக்கியாயிற்று: 170 வாட் 110 ஆனது. பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்பில்) பிராசசரின் மின் வரம்புகளான பிஎல்1, பிஎல்2 இரண்டையும் 65 வாட்டாக வைத்தாயிற்று. மொத்தம் 240 வாட்டுக்கு இறங்கியது. காசு செலவில்லாமல் 130 வாட் மிச்சம். இதற்கு ஈடான ஃபேன் கடையில் கிடையாது. ஒரு எச்சரிக்கை: ஆஃப்டர்பர்னர் விண்டோஸ் திறக்கும்போதே தானாக ஓடும்படி வைக்காவிட்டால், ஜெனரேட்டர் நின்று கணினி மறுபடி எழும்போது கார்டு பழையபடி 170 வாட்டுக்குப் போய்விடும்.

பதிவுக்கு வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி தேவைப்படவில்லை. 50 எம்பிபிஎஸ் பதிவு மணிக்கு 22.5 ஜிபிதான். நான்கு கேமராவையும் தனித்தனியாகப் பதிந்தாலும் 90 ஜிபி. வேகம் குறைந்த சாட்டா வகை எஸ்எஸ்டியே தாராளம், சூடும் குறைவு.

மூடி வைத்தால் என்ன ஆகும்

தூசிக்கும் தண்ணீருக்கும் பயந்து பெட்டியை முழுதாக அடைத்துவிடலாமா என்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் யோசனை. கணக்கு ஒத்துவரவில்லை. இந்தப் பெட்டியின் மொத்தப் பரப்பு 0.85 சதுர மீட்டர். காற்றடிக்காத இடத்தில் சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும், 8 வாட் அளவுக்குத்தான் சுவர் வழியாகச் சூடு வெளியேறும். 240 வாட்டுக்கு 35 டிகிரி ஏற்றம். வெளியே 40 என்றால் உள்ளே காற்று 75. பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது என்பதால் உண்மையில் இன்னும் கூடும். ஆகவே திறந்த காற்றுப் பாதைதான் வழி, வடிகட்டியோடு.

வெயிலே ஒரு ஹீட்டர்

உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட். பெட்டியின் மேல்மூடி 0.2 சதுர மீட்டர்; கறுப்பு நிறம் அதில் பத்தில் ஒன்பது பங்கை உறிஞ்சும். அதாவது மூடியின் மேல் 180 வாட். ஒரு பகுதி காற்றோடு போனாலும், மிச்சம் கீழே இறங்கும். பவர் லிமிட்டில் மிச்சம் பிடித்ததைச் சூரியன் திருப்பிக் கொடுத்துவிடும்.

மூடியின் மேல் துணி போட்டால் போதாது. துணி சூடாகி மூடியையும் சூடாக்கும். போர்டு எழுதும் கடைகளில் கிடைக்கும் 3 மி.மீ. வெள்ளை ஏசிபி ஷீட்டை (அலுமினியப் பூச்சுப் பலகை), பெட்டியைவிட நாலு பக்கமும் 8 செ.மீ. நீட்டி வெட்டி, 4 செ.மீ. உயர ஸ்பேசர் நான்கின் மேல் நிறுத்தியாயிற்று. இடையில் காற்று ஓடும். ஓட்டு வீட்டுக்கு மேல் கீற்று வேய்ந்த மாதிரி. அதற்கும் மேலே பந்தல் கிடைத்தால் நல்லது, ஆனால் பந்தலின் நிழல் மணிக்கு மணி நகரும்.

பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. தார்ச்சாலை நடுப்பகலில் 60 டிகிரிக்கு மேல் போகும். அதை ஒட்டிய காற்றும் தூசியும்தான் உள்ளே போகும். 70 செ.மீ. உயர மேசை போதும்.

காற்றுப் பாதை

40 டிகிரி காற்றுக்குச் சுருக்கமான கணக்கு: வாட்டை 1.87ஆல் பெருக்கி, அனுமதிக்கும் வெப்ப ஏற்றத்தால் வகுத்தால் தேவையான சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) வரும். 240 வாட், 10 டிகிரி ஏற்றம் என்றால் 45 சிஎஃப்எம். ஆர்க்டிக் பி12 ஃபேனின் அட்டையில் 56 சிஎஃப்எம் என்று இருப்பதைப் பார்த்து ஒன்றே போதும் என்று நினைக்கக் கூடாது. அது எதிரில் ஒன்றும் இல்லாதபோது கிடைக்கும் அளவு. வடிகட்டி ஃபோமும் கிரில்லும் வந்தால் பாதிக்கும் கீழே போகலாம். அதனால் உள்ளே இழுக்க 120 மி.மீ. ஃபேன் இரண்டு.

முதல் வடிவத்தில் வடிகட்டியை ஃபேன் முகத்திலேயே ஒட்டியது தவறு. ஃபேனின் வட்டத்துக்கு நேராக உள்ள ஃபோம் மட்டும் வேலை செய்தது; அந்த வட்டம் சீக்கிரம் அடைத்துக்கொள்ள, சுற்றியிருந்த ஃபோம் புதுசாகவே கிடந்தது. இரண்டாவது வடிவத்தில் 30 × 20 செ.மீ. சட்டம், ஃபேனிலிருந்து 20 மி.மீ. தள்ளி. இரண்டு ஃபேன் வாய்களின் பரப்பைவிட இது இரண்டரை மடங்குக்கு மேல். காற்று நிதானமாக நுழைவதால் தூசி ஆழமாக ஏறுவதில்லை. ஃபோம் 30 பிபிஐ (அங்குலத்துக்கு 30 துளை), 10 மி.மீ. தடிமன், வெல்க்ரோவில் ஒட்டியது. பைக் ஃபில்டருக்குப் போடுவதுபோல எண்ணெய் தடவக் கூடாது. எண்ணெய்த் துளி ஹீட்சிங்கில் (சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத்தில்) படிந்தால் அதன்மேல் தூசி பசையாக ஒட்டும்.

வெளியேற்றும் பக்கம் ஃபேன் இல்லை, 45 டிகிரி சாய்ந்த கூண்டு போட்ட திறப்பு மட்டும். உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தால் காற்று வடிகட்டி வழியாக மட்டுமே நுழையும். இதைச் சோதிக்க ஊதுபத்தி போதும். கேபிள் துளை, மூடி இடுக்கு, கீல் என்று எங்கே பிடித்தாலும் புகை வெளியே தள்ளப்பட வேண்டும். எங்காவது உள்ளே இழுத்தால் அங்கே ரப்பர் பட்டை. இந்தச் சோதனையில் எச்டிஎம்ஐ கேபிள்கள் நுழையும் துளையும் கைப்பிடியின் திருகுத் துளைகளும் மாட்டின.

கேப்சர் கார்டு

இந்த வேலையில் ஆளை அதிகம் ஏமாற்றுவது இதுதான். இதற்குச் சொந்த ஃபேன் கிடையாது, சின்ன ஹீட்சிங்க் மட்டும். கிராபிக்ஸ் கார்டு ஊதும் சூடான காற்று நேராக இதன்மேல் விழும். சூடு மிஞ்சினால் ஒரு கேமரா சில விநாடி கறுத்து மறுபடி வரும், அல்லது சத்தம் படத்தைவிட்டு விலகும். எல்லோரும் கேபிளைத்தான் மாற்றிப் பார்ப்பார்கள். கேபிள் கோளாறு என்றால் ஆட்டினால் வரும் போகும். சூட்டுக் கோளாறு தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்தே தலைகாட்டும், வெளியே ஃபேன் காட்டினால் போய்விடும். ஹீட்சிங்குக்கு நேரே 40 மி.மீ. ஃபேன் ஒன்றை எல் வடிவத் தகட்டில் பொருத்தி, இரண்டு கார்டுகளுக்கும் நடுவே பாலிகார்பனேட் தடுப்பு வைத்ததும் சரியானது.

எல்லாத் திருகிலும் நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் கழலாத நட்டு). வண்டி அதிர்வில் சாதா நட்டு கழன்று ஃபேன் இறக்கையில் விழும்.

அறையில் சோதித்து வெயிலைக் கணிப்பது

ஃபேன் வேகத்தை நிலையாக வைத்தால், உள்ளே வரும் காற்றைவிடச் சிப் எத்தனை டிகிரி ஏறுகிறதோ அது பருவம் மாறினாலும் கிட்டத்தட்ட மாறாது. 25 டிகிரி அறையில் கிராபிக்ஸ் கார்டு 63 காட்டினால், 45 டிகிரி காற்றில் 83 காட்டும். கார்டு வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் எல்லையும் அதுவே. எனவே அறை இலக்கு 63. ஃபேனைத் தானியங்கியில் விட்டால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். உண்மையான நிகழ்ச்சிக் கோப்பை 90 நிமிடம் ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் வெப்பத்தைப் பதிய வேண்டும். அரை மணி நேரம் ஓட்டி நிறுத்துவது சோதனையே அல்ல; பிளாஸ்டிக்கும் பவர் சப்ளையும் சூடேற அதற்கு மேல் ஆகும்.

நிகழ்ச்சி இடத்தில் இரண்டு டிஎஸ்18பி20 வெப்பச் சென்சார் போதும்: ஒன்று வடிகட்டிக்கு வெளியே, ஒன்று வெளியேறும் வாயில். அதே சுமையில் வித்தியாசம் 10 டிகிரியிலிருந்து 15 ஆனால் காற்றோட்டம் மூன்றில் இரண்டாகிவிட்டது, ஃபோமை மாற்று. 20 ஆனால் பாதிதான் போகிறது. வடிகட்டி வாயில் உள்ள சென்சாரே நிழல் வெப்பத்தைவிட 3 டிகிரி கூடுதலாகக் காட்டினால், வெளியேறிய காற்று சுற்றி வந்து மறுபடி நுழைகிறது. பெரும்பாலும் யாராவது பெட்டியைச் சுற்றிப் படுதா கட்டியிருப்பார்கள்.

ஐஸ் பொட்டலம், பெல்டியர் (மின்சாரத்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு) இரண்டும் வேண்டாம். டிஇசி1-12706 என்ற பெல்டியர் ஒன்றே சுமார் 60 வாட் தின்று, நகர்த்தும் சூடு அதைவிடக் குறைவு. திருச்செந்தூர் மாதிரிக் கடலோரத்தில் காற்றின் பனிநிலை (ஈரம் நீராகக் கோக்கத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் நீர் கோக்கும். ஏசி காரில் வந்த பெட்டியை இறக்கியதும் ஆன் செய்யாமல், மூடியபடியே அரை மணி நேரம் வைப்பதும் இதனால்தான்.

பாக்கி வேலை

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவார்கள். அது மழைபோல் மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். வெளியேற்றும் வாய்க்கு 45 டிகிரி கூண்டு இதற்குப் போதவில்லை. தோட்டத்து ஸ்பிரேயரை 2 மீட்டர் தூரத்திலிருந்து அடித்துப் பார்த்ததில் உள் தகட்டில் துளிகள் இருந்தன. அடுத்த வடிவத்தில் காற்று இரண்டு முறை திரும்பி வெளியேறும் தடுப்பு வருகிறது, அடியில் 5 மி.மீ. வடிகால் துளை இரண்டுடன். திருப்பங்களால் காற்றோட்டம் எவ்வளவு குறைகிறது என்பதை அதே இரண்டு சென்சார்களை வைத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் 12 டிகிரிக்கு மேல் போனால் மூன்றாவது ஃபேன்.