ஓஎஸ் புதுசு, நெட்டைக் காணோம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஞாயிற்றுக்கிழமை பழைய சிஸ்டத்தில் ஓஎஸ், அதாவது இயங்குதளமான விண்டோஸ் 7ஐத் தூக்கிவிட்டு 10 போட்டாயிற்று. திங்கள் காலை பட்டா எடுக்க வரிசை நிற்கிறது, நெட் இல்லை. கடைக்காரர் மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டார். பிறகு கேபிள்காரருக்குப் போன்: "அண்ணே, உங்க லைன்லதான் கோளாறு." அவர் வந்து, அதே வைஃபையில் தன் போனில் கிரிக்கெட் ஓடுவதைக் காட்டிவிட்டு, டீயும் குடித்துவிட்டுப் போனார்.

போனில் வருகிறதென்றால் லைனைத் திட்டிப் பயனில்லை. ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், ஈதர்நெட் கன்ட்ரோலர், அதாவது லேன் கேபிளுக்கான நெட் சிப், மஞ்சள் முக்கோணத்தோடு உட்கார்ந்திருக்கும். அதை டபுள் கிளிக் செய்தால் கோட் எண் தெரியும். கோட் 28 என்றால் டிரைவரே, அதாவது அந்தச் சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளே, ஏறவில்லை. கோட் 10 என்றால் கருவி கிளம்ப மறுக்கிறது. பெரும்பாலும் பொருந்தாத டிரைவர்தான் காரணம். ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடீஸ் என்று போனால் சிப்பின் ஜாதகம் கிடைக்கும். அதில் வென் (VEN) என்பதை அடுத்து வரும் தயாரிப்பாளர் எண் 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம், 168சி ஏத்தரோஸ், 8086 இன்டெல்.

நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க நெட் வேண்டும். மதர்போர்டோடு வந்த டிரைவர் சிடியோ மாடியில் புறா விரட்டத் தொங்குகிறது. ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் செருகி போன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். விண்டோஸ் 10 அதைத் தானாகவே நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிள் இதற்கு ஆகாது. பிறகு விண்டோஸ் அப்டேட்டின் ஆப்ஷனல் பகுதியிலோ போர்டு கம்பெனி தளத்திலோ டிரைவரைத் தேடலாம். ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும் தருகிறேன் என்று கூவுகிற மென்பொருள் பக்கம் போகவே வேண்டாம்.

டிரைவர் ஏறியும் எந்தத் தளமும் திறக்கவில்லையா? மூலையில் தேதியைப் பாருங்கள். 2010 என்று காட்டினால் போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரி செத்துவிட்டது. தேதி தப்பானால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் அடம்பிடிக்கும். பேட்டரியைக் கழற்றுமுன் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் செட்டிங்கில், ஹார்டு டிஸ்க்கோடு பேசும் முறையான சேட்டா மோடு ஏஹெச்சிஐயா ஐடிஇயா என்று போட்டோ எடுத்து வையுங்கள். அது மாறிவிட்டால் விண்டோஸே கிளம்பாமல் போகலாம்.

தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி குருசுக்குப்பத்திலும் இன்னொரு வில்லன் உண்டு, உப்புக்காற்று. வருஷக்கணக்காக அசையாமல் இருந்த லேன் கேபிளை ஓஎஸ் போடுவதற்காகப் பிடுங்குவார்கள்; திரும்பச் செருகினால் பச்சை பூத்த பின்கள் ஒட்டாது. பழி ஓஎஸ் மேல் விழும். கரன்ட்டைத் துண்டித்து, பட்ஸில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

நெட் சற்று நேரம் வேலை செய்துவிட்டு அறுந்துபோனால், அதே ப்ராப்பர்ட்டீஸின் பவர் மேனேஜ்மென்ட் டேபில் கருவியை அணைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கும் டிக்கை எடுங்கள்.

எதற்கும் மசியவில்லையென்றால் யூஎஸ்பி லேன் அடாப்டரோ யூஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிளோதான் கதி. டாங்கிளை கேபினட்டின் முதுகில் செருகாதீர்கள், தகரம் சிக்னலை மறைக்கும். எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு மேசை மேல் வையுங்கள். டாங்கிள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிப்பதென்றால், மோடத்தின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயர் அதன் கண்ணுக்கே தெரியாது.