முதல் நாள் கேட்கக் கூடாத கேள்வி

"ஊரில் எந்தத் தெரு?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் கேட்டான். பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்த மாணவியைப் பார்த்துத்தான் கேட்டான். அவள் பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை சலசலத்துக்கொண்டிருந்த வகுப்பு அப்படியே அடங்கிப்போனது. எங்கள் திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த யாருக்கும் அந்தக் கேள்வியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும். கேட்டவன் அவன்தான், ஆனால் அந்தக் கேள்விக்கு வாசலைத் திறந்துவிட்டவள் நான்.

கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராக இது எனக்கு ஏழாவது ஆண்டு. இந்த ஆண்டு பி.காம். முதலாண்டு வகுப்புக்குப் பொறுப்பாசிரியர் ஆக்கினார்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பத்தமடை, முக்கூடல், நாங்குநேரி என்று பல திசைகளிலிருந்து 62 பேர்.

கோணல் அன்று காலை அலுவலகத்திலேயே தொடங்கிவிட்டது. பெயர்ப் பட்டியல் கேட்டு ஒன்பது மணிக்குப் போனேன். பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். மறுபடி போனபோது எழுத்தர் நீட்டியது சேர்க்கைப் பட்டியல். பெயர், பிறந்த தேதி, மதம், சாதிப் பிரிவு, தந்தை பெயர், தொழில், வருமானம் எல்லாம் வரிசையாக அதில் இருந்தன. பெயர் மட்டும் உள்ள தாள் வேண்டும் என்றேன். "கம்ப்யூட்டரில் இப்படித்தான் மேடம் வரும், இதை வைத்தே கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார். மணி அடித்துவிட்டது. அதையே எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மேசையில் விரித்து வைத்துப் பெயர்களைப் படித்தேன். பத்துப் பெயர் தாண்டிய பிறகுதான் கவனித்தேன்: முன்வரிசைப் பிள்ளைகளின் கண்கள் என் முகத்தில் இல்லை, நான்காவது கட்டத்தில் இருந்தன. உடனே தாளைக் கவிழ்த்தேன். அதற்குள் பத்துப் பேருடைய விவரம் வெளியே போய்விட்டது.

பிறகு வழக்கமான அறிமுகம். பெயர், ஊர், படித்த பள்ளி, அப்பா என்ன செய்கிறார். என் ஆசிரியர்கள் என்னிடம் கேட்டதையே நானும் ஆறு ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறேன். ஒரு பையன் "அப்பா இல்லை" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பாளையங்கோட்டைப் பள்ளிகளில் படித்த நான்கைந்து பேர் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசினார்கள். அவர்களுக்குப் பின் எழுந்தவர்களின் குரல் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே போனது. அதன் பிறகுதான் அந்தத் தெருக் கேள்வி வந்தது. "இந்த வகுப்பில் அது வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரை எழுப்பினேன். அது போதாது என்று அப்போதே தெரிந்தது. ஆனாலும் மேலே போனேன்.

மறுநாள் அந்த மாணவி வரவில்லை.

அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியது இந்த மாவட்டத்தில் யாருக்கு மறக்கும்? அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய குறிப்பு எதுவும் இருக்கக் கூடாது, மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. செய்தித்தாளில் படித்து, சரிதான் என்று தலையாட்டியவள்தான் நான். ஆனால் முதல் நாள் என் மேசையில் கிடந்தது எது? அந்த இரவே கோடு போட்ட புதிய நோட்டில் 62 பெயர்களையும் கையால் எழுதினேன். பெயரும் எண்ணும் தவிர வேறு எதுவும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் அவள் வந்தாள். அறிமுகத்தை முதலிலிருந்து தொடங்கினேன். "முதல் நாள் நான் கேட்டது தவறான கேள்வி. அதற்கு வருந்துகிறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பிறகு என்னைப் பற்றிச் சொன்னேன்: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தது, கல்லூரியில் முதல் பருவம் முழுவதும் கணக்குப் பதிவியல் புத்தகத்தின் ஆங்கிலம் புரியாமல் விழித்தது. முதல் நாள் நான் பேசியதெல்லாம் 75 சதவீத வருகையைப் பற்றித்தான். அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அதன் பிறகு அகர வரிசையில் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தேன். ஒருவர் மற்றவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு, அவரை வகுப்புக்கு அறிமுகப்படுத்த வேண்டும். உன்னை எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும்? காலையில் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறாய்? உன் கைக்கு நன்றாக வரும் வேலை எது? ஊர், பள்ளி, பெற்றோர் எதையும் கேட்கக் கூடாது. தானாகச் சொன்னால் சொல்லட்டும். தமிழோ ஆங்கிலமோ அவரவர் விருப்பம்.

பெயர்க் கேள்வியை லேசாக நினைக்காதீர்கள். இசக்கி, சுடலை, பேச்சி, முப்பிடாதி என்று குலதெய்வத்தின் பெயரைச் சூட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். பள்ளியில் அந்தப் பெயருக்காகக் கேலிக்கு ஆளான பிள்ளைகள் உண்டு. ஒருவன் சுருக்கிக் கூப்பிடச் சொன்னான். இன்னொருத்தி முழுப் பெயரையும் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றாள். இரண்டையும் அப்படியே நோட்டில் குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது கேள்வி எனக்கே பாடம் சொன்னது. பதினொரு பேர் ஆறு மணிக்கு முன்பே வீட்டிலிருந்து கிளம்புகிறார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். அதில் ஒன்றைத் தவறவிட்டால் முதல் மணி போய்விடும். கட்டணமில்லாமல் போகலாம்தான், ஆனால் பஸ் வந்தால்தானே? அன்று முதல் வருகைப் பதிவை மணியின் கடைசி ஐந்து நிமிடத்துக்கு மாற்றிவிட்டேன்.

மூன்றாவது கேள்விக்கு வந்த பதில்களை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாழைத்தார் வெட்டத் தெரியும், கோரைப்பாய் நெய்யத் தெரியும், நாதஸ்வரத்துக்குச் சீவாளி கட்டத் தெரியும் என்று வந்துகொண்டே இருந்தது. முதல் நாள் எழுந்து நின்ற அந்த மாணவி பீடி சுற்றுவாளாம். செய்து காட்டுகிறாயா என்றேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இலை அளவுக்கு மடித்து வெட்டினாள். மடியில் சுளகு இருப்பதுபோல் கால்களைச் சேர்த்துக்கொண்டாள். புகையிலைக்குப் பதில் பென்சில் சீவிய தூளை விரல் நுனியால் பரப்பி, ஒரே உருட்டில் சுற்றி, மேல் முனையை நகத்தால் நான்கு பக்கமும் உள்ளே அழுத்தி, துப்பட்டாவில் இழுத்த நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். இருபது நொடிகூட ஆகவில்லை. வகுப்பில் பாதிப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர்கள் வீட்டிலும் அம்மாவோ ஆச்சியோ சுற்றுகிறவர்கள்தான். ஒருத்தி எழுந்து, "நூல் ஒரு சுற்றுக் கூடுதல்" என்று திருத்தம் சொன்னாள். ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, கடையில் கழித்துவிடும் பீடியின் இலைக்கும் தூளுக்கும் யார் பொறுப்பு என்று பேச்சு வளர்ந்தது. அடக்கவிலைக் கணக்கை நான் அங்கிருந்தே தொடங்கிவிட்டேன்.

பெயர்களை மனப்பாடம் செய்ய ஒரு வழி சொல்கிறேன். ஏ4 தாளை மூன்றாக மடித்துப் பெயர் எழுதி மேசைமேல் நிறுத்தச் சொல்லுங்கள். வகுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, மறுநாள் நீங்களே ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் கொடுங்கள். தவறான ஆளிடம் கொடுத்தால் அவர்களே திருத்துவார்கள். எனக்கு ஆறு நாளில் 62 பெயரும் வந்துவிட்டன.

கேள்வி கேட்ட மாணவனைத் தனியே வராந்தாவில் பார்த்தேன். "பள்ளியில் எல்லோரும் கேட்பதுதான் மேடம்" என்றான். திமிராகச் சொல்லவில்லை, தயங்கித் தயங்கித்தான் சொன்னான். அந்தக் கேள்வியால் ஒரு பெண் ஒரு நாள் கல்லூரிக்கு வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டானா என்று தெரியாது. நான் வற்புறுத்தவும் இல்லை.

பெயரும் எண்ணும் மட்டும் உள்ள பட்டியலை எல்லா வகுப்புக்கும் தர வேண்டும் என்று முதல்வருக்கு எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுத்து மூன்று வாரமாகிறது. பதில் இல்லை. அலுவலகத்தில் அண்ணாச்சி ஒருவர், கோப்பு மேசைக்குப் போய்விட்டது என்கிறார். அடுத்த கட்டக் கலந்தாய்வில் சேர்ந்த நான்கு பேர் திங்கட்கிழமை வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களுடைய பெயர்களை வாங்க நாளைக் காலை மறுபடி அங்கேதான் போகிறேன், நோட்டை எடுத்துக்கொண்டு.