டின்ஷோவின் மலை நியாலாக்கள்

எத்தியோப்பியாவின் பாலே மலைக்குப் போகிற பலருக்கும் கண் முழுக்க சனெட்டி பீடபூமியின் ஓநாய் மேல்தான். வழியில், பாலே மலைத் தேசியப் பூங்காவின் அலுவலகம் இருக்கும் டின்ஷோ என்ற சிற்றூரில் ஒரு மணி நேரம் இறங்கிச் சுற்றிவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். நான் போனதே டின்ஷோவுக்காகத்தான். மலை நியாலா என்ற இந்த மான் எத்தியோப்பியாவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அதிலும் நாட்டின் குறுக்கே நீளும் பிளவுப் பள்ளத்தாக்குக்குக் (Rift Valley) கிழக்கே உள்ள மலைகளில் மட்டும்தான் வாழ்கிறது. அறிவியல் உலகம் இதற்குப் பெயர் வைத்ததே 1910இல்தான். அவ்வளவு பெரிய விலங்கு அதுவரை வெளியுலகின் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது!

அடிஸ் அபாபாவிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். டின்ஷோ 3,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் கொஞ்சம் வேகமாக நடந்தாலே மூச்சு வாங்கும்.

பூங்கா அலுவலகத்தில் வழிகாட்டி ஒருவரைச் சேர்த்துக்கொண்டு ஹகேனியா மரங்களுக்குள் நுழைந்தோம். செம்பழுப்புப் பட்டை உரிந்து தொங்கும் கிழட்டு மரங்கள், கிளையெல்லாம் பாசி. மரங்கள் முடிந்ததும் இடுப்பளவு ஆர்ட்டிமீசியா புதர். கால் பட்டதும் கமகமவென்று வாசனை. நம்மூர் மரிக்கொழுந்தும் இதே பேரினத்துச் செடிதான். இந்தப் புதரைத்தான் நியாலாக்கள் மேய்கின்றன.

முதலில் தெரிந்தவை காதுகள்தான். பெட்டைகளும் குட்டிகளுமாக ஒரு கூட்டம் புதருக்குள் நின்றிருந்தது. பெட்டைக்குக் கொம்பு இல்லை. ஒன்று எங்களையே பார்த்தபடி அசைபோட்டது. தொண்டையில் வெள்ளைப் பிறை, விலாவில் மங்கலான கோடுகள், தொடையில் சில வெள்ளைப் புள்ளிகள். அசையாமல் நின்றால் புதரோடு புதராகிவிடுகிறது.

கிடாக்கள் கொஞ்சம் தள்ளியே வந்தன. 200 கிலோவுக்கு மேல் எடை போடும் உடம்பு, முறுக்கிய கொம்பு. இரண்டு கிடாக்கள் எதிரெதிரே வந்ததும் முட்டிக்கொள்ளும் என்றுதான் எதிர்பார்த்தேன். அவை பக்கவாட்டில் திரும்பி, முதுகு மயிரைச் சிலிர்த்து, வாலைத் தூக்கி, அடிமேல் அடி வைத்து ஒன்றையொன்று சுற்றின. கொஞ்ச நேரத்தில் சின்னது ஒதுங்கிப் போய்விட்டது. கொம்போடு கொம்பு மோதுவது அபூர்வமாம். பெரும்பாலும் உடம்பைக் காட்டியே முடித்துக்கொள்கின்றன.

காலையிலும் மாலையிலும் திறந்த புதர்வெளியில் மேய்ச்சல். வெயில் ஏறினாலும் இரவில் உறைபனி விழுந்தாலும் மரங்களுக்குள் ஒதுங்கிக்கொள்கின்றன. மேய்ச்சலும் மறைவிடமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் இவற்றுக்குப் பிழைப்பு. பக்கத்திலிருக்கும் கெய்சே புல்வெளியில் மாடுகளும் மேய்கின்றன, சுற்றிலும் பார்லி வயல்கள். எனக்கு மனசு கனத்தது அங்கேதான். 1991இல் ஆட்சி கவிழ்ந்த நாட்களில் காவல் இல்லாமல் போய், இந்த மான்கள் ஏராளமாகச் சுடப்பட்டன. காவல் திரும்பிய பிறகு மெல்லப் பெருகின. துப்பாக்கியை அப்படித் தடுத்துவிடலாம். ஆனால் புதரை வெட்டி உழுதுவிட்டால் மான் எங்கே போகும்? 2023இல் யுனெஸ்கோ பாலேயை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அந்தப் பெருமை இந்தப் புதர்க்காட்டுக்கும் காவலாக வர வேண்டும்.

போகிறவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள், மழை குறைவு. டின்ஷோவில் ஒரு இரவாவது தங்குங்கள், அப்போதுதான் விடியற்காலை மேய்ச்சலைப் பார்க்க முடியும். கனமான ஸ்வெட்டர் கட்டாயம். புதருக்குள் கூட்டத்தைக் கண்டால் கிட்டே போகாதீர்கள். நின்றுவிட்டால் அவையும் நிற்கும்.