முதல் வரியிலேயே கிராமா கிலோவா என்று சொல்லிவிடுங்கள்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எலக்ட்ரானிக் தராசு செய்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. போர்டில் ஓடும் சி புரோகிராம் என் பொறுப்பு. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் எடை போடுகிற இடம்வரை எங்கள் தராசு போயிருக்கிறது. அங்கே ரிப்பேருக்குப் போகும் சர்வீஸ் பையன்களிடம் சோர்ஸ் கோடு கிடையாது. கோடுக்கு நடுவே நாங்கள் எழுதும் விளக்கக் குறிப்புகளான கமெண்டுகளிலிருந்து டாக்ஸிஜன் என்ற மென்பொருள் உருவாக்கும் பக்கங்கள் மட்டும் செல்போனில் இருக்கும். ஈரக் கையோடு அதைத் திறந்து பார்க்கிறவர்களுக்காகத்தான் நான் கமெண்ட் விஷயத்தில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

அந்தப் பக்கங்களில் வரும் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் கோடு துண்டு) பட்டியலில் பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரிதான் தெரியும். அதில் ‘எடையை வாசிக்கும் ஃபங்ஷன்’ என்று எழுதினால் யாருக்கு என்ன லாபம்? அதைப் பெயரே சொல்லிவிடுகிறது. நாங்கள் இப்படி எழுதுகிறோம்: ‘கூடையின் எடையைக் கழித்து, மீதியை கிராமில் தரும், தட்டு ஆடி நிற்கும்வரை பழைய எடையையே தரும்.’ துறைமுகத்தில் நிற்பவனுக்கு வேண்டிய பதில் இதில் இருக்கிறது. எண் ஏன் மாறாமல் நிற்கிறது என்று அவன் எனக்கு போன் போட வேண்டியதில்லை.

அந்த வரி பட்டியலில் தானாக வராது. ஜாவா மொழிக்கு இதே வேலையைச் செய்யும் ஜாவாடாக் முதல் வாக்கியத்தைத் தானே சுருக்கமாக எடுத்துக்கொள்ளும். டாக்ஸிஜனில் ‘ஜாவாடாக் ஆட்டோபிரீஃப்’ செட்டிங்கை நாம்தான் ஆன் செய்ய வேண்டும். வாக்கியம் எங்கே முடிகிறது என்பதற்கு அது பார்ப்பது புள்ளியும் அடுத்து வரும் இடைவெளியும்தான். நம் ஆட்கள் ‘எ.கா. 500 கிராம்’ என்று ஆரம்பித்தால் பட்டியலில் ‘எ.கா.’ மட்டும் அநாதையாக நிற்கும். புள்ளிக்குப் பின் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டுத் தப்பிக்கலாம். எனக்கு அது பிடிக்காது. முதல் வரியில் சுருக்கெழுத்தே வேண்டாம் என்று வைத்திருக்கிறோம்.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருநாள் வந்து, “அக்கா, எல்லா ஃபங்ஷனுக்கும் கமெண்ட் போட்டுட்டேன், பக்கத்துல ஒண்ணுமே வரலையே” என்றான். கமெண்டுகள் எல்லாம் /** என்று இரண்டு நட்சத்திரத்தோடு சரியாகத்தான் ஆரம்பித்திருந்தன. ஃபைலின் தலையில், இது ஃபைலுக்கான கமெண்ட் என்று சொல்லும் @ஃபைல் டேக் மட்டும் இல்லை. சி மொழியில் எந்த கிளாஸுக்குள்ளும் அடங்காத ஃபங்ஷன்கள்தானே எல்லாம். அவை இருக்கும் ஃபைலுக்கே ஒரு கமெண்ட் இருந்தால்தான் டாக்ஸிஜன் அவற்றைக் கணக்கில் எடுக்கும். சி எழுதுகிற எல்லோரும் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டியது இது.

கிடைத்ததையெல்லாம் பக்கத்தில் ஏற்றும் ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ செட்டிங்கைப் பலர் ஆன் செய்து வைக்கிறார்கள். அது போட்டால் கமெண்ட் இல்லாததைக் காட்டும் எச்சரிக்கையும் சேர்ந்தே அணைந்துவிடும். அதற்காக ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் கமெண்ட் கட்டாயம் என்றும் நான் சொல்ல மாட்டேன். கட்டாயப்படுத்தினால் ‘எடை: எடை’ என்று நிரப்பிவிட்டுப் போவார்கள். வெற்றிடத்தைவிட அது மோசம்.

எழுதியது பொய்யாகக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. எச்சரிக்கையைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளும்படி செட்டிங் வைத்திருக்கிறோம். ஃபங்ஷனுக்குள் அனுப்பும் மதிப்புகளை விளக்கும் @பாரம் டேக்கில், அந்த ஃபங்ஷனில் இல்லாத ஒரு பெயரை யாராவது எழுதியிருந்தால், பக்கங்கள் உருவாகாமல் வேலை அங்கேயே நின்றுவிடும். சரிசெய்த பிறகுதான் பையன்களின் போனுக்குப் போகும்.