மயான காண்டமும் தவணைப் பரீட்சையும்

எங்கள் பள்ளிக்கூட நினைவு மலர்க் குழுவில் இருந்து அழைத்தவர் “பள்ளிக்கூட நாடகம் எதையாவது பற்றி எழுதுங்கோ” என்றார். எங்கள் வகுப்பு மேடையேற்றிய நாடகம் எதுவும் எனக்கு நினைவில் நிற்கவில்லை. பரீட்சைக்காகப் படித்த நாடகம் ஒன்றுதான் நிற்கிறது. அது அரிச்சந்திர மயான காண்டம்.

1993ஆம் ஆண்டு, நாங்கள் ஓ.எல். (சாதாரண தர) வகுப்பு. தவணைப் பரீட்சைத் தமிழ் வினாத்தாளில் ஒரு படைப்பாக்கக் கேள்வி வரும் என்று தமிழ் சேர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மயான காண்டத்தில் வரும் ஒருவராக நம்மை நினைத்து, ஒரு தருணத்தை அவர் வாயாலேயே எழுத வேண்டும். அரிச்சந்திரனும் சந்திரமதியும் கேள்வியில் வரமாட்டார்கள். “அவை ரெண்டு பேரும் விடிய விடியப் பாடியாச்சு. மற்றவைக்கு வாய் குடுங்கோ” என்றார் சேர். மிஞ்சியவர்களில் யார் வருவார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. ஆகவே சந்திரமதியை அடிமையாக வாங்கிய காலகண்டர், அவர் மனைவி, கடனுக்குப் பின்னால் அலையும் நட்சத்திரேசன், அரிச்சந்திரனை வாங்கிச் சுடலைக் காவலுக்கு வைக்கும் வீரவாகு, மந்திரி சத்தியகீர்த்தி என்று எல்லோரையும் ஆயத்தப்படுத்த வேண்டியிருந்தது.

ஆசு கவிராயரின் அரிச்சந்திர புராணத்தில் மயான காண்டம் பல காண்டங்களில் ஒன்றுதான். கொட்டகைக் கூத்துக்காரர் அதைப் பிரித்தெடுத்துத் தனி நாடகமாகவே ஆடினார்கள். யாழ்ப்பாணத்தில் மயான காண்டம் என்றால் நடிகமணி வி.வி. வைரமுத்து. காங்கேசன்துறைக்காரர். அவருடைய வசந்த கான சபா ஏறாத கோயில் வீதி குறைவு. எங்கள் அம்மம்மாமார் பாயும் பிள்ளையும் சுளகில் கடலையுமாகப் போய்ப் பார்த்த ஆள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் 1989இல் காலமாகிவிட்டார்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு கசற். அதைக் கேட்கவும் மின்சாரம் வேண்டுமே! போரால் 1990இல் நின்ற கரண்ட் நாங்கள் பள்ளிக்கூடம் விடும்வரை திரும்பவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோ கேட்ட காலம். அப்படித்தான் மயான காண்டமும் கேட்டோம். சுற்றுகிறவனுக்குக் கை களைத்தால் அரிச்சந்திரனின் குரல் பாதாளத்துக்கு இறங்கிவிடும். “டேய், ராசா செத்துப்போகப் போறார், சுத்தடா!” என்று கத்துவோம். மகன் லோகிதாசனின் உடலைச் சந்திரமதி சுடலைக்குக் கொண்டுவரும் இடத்தில் மட்டும் எவரும் முறை மாற்றக் கேட்கமாட்டார்கள். வியர்த்து வழிய ஒருவனே சுற்றி முடிப்பான்.

பயிற்சிக்குச் சேர் வைத்த சட்டங்கள் கொஞ்சம்தான், ஆனால் கடுமையானவை. கதை சொல்லக் கூடாது: “கதை எனக்கும் தெரியும், உங்கட அம்மம்மாவுக்கும் தெரியும்.” ‘அந்தோ’ என்று தொடங்கினால் அந்த இடத்திலேயே சிவப்புக் கோடு. ரியூட்டரிக் குறிப்பில் பாடமாக்கிய புலம்பல்கள் எல்லாம் இந்த ஒரு சட்டத்தில் செத்தன. எல்லாவற்றிலும் கஷ்டமானது, அந்த நேரத்தில் அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கக்கூடியதை மட்டுமே எழுத வேண்டும் என்பது. லோகிதாசனைப் பாம்பு கடித்தது காலகண்டர் மனைவிக்கு எப்போது தெரிகிறது? அதற்கு முன் அவள் ‘ஐயோ பாவம்’ என்று எழுதினால் புள்ளி போய்விடும்.

சுடலைக் கூலியை வைத்து ஒரு பாடவேளை முழுக்க விவாதித்தோம். வாய்க்கரிசி காவல்காரனான அரிச்சந்திரனுக்கு, முழத்துண்டும் கால்பணமும் ஆண்டையான வீரவாகுவுக்கு. தன் பங்கை அரிச்சந்திரன் விட்டுக்கொடுக்கிறான்; ஆண்டையின் பங்கை விடமாட்டான். ‘கழுத்தில் கிடக்கும் தாலியை விற்றுக் கொண்டு வா’ என்கிறான். அது கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலி. அந்த ஒரு வார்த்தையில் அவள் அவனை அடையாளம் காண்கிறாள். இதையெல்லாம் நாங்கள் சின்ன வயதிலிருந்தே கேட்டிருந்தோம். யார் கைக்கு எது போகிறது என்று அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

நான் காலகண்டர் மனைவியை எழுதினேன். வேலைக்காரி சந்திரமதி அழுதுகொண்டு நிற்க, ‘இருக்கிற வேலையை முடித்துவிட்டுப் போ’ என்கிற கட்டம். குரலுக்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருந்தார், தேடி அலையவில்லை. சேர் படித்துவிட்டு, “அம்மிச் சத்தம் கேக்குது பிள்ளை. ஆனா இது காசியோ, கோண்டாவிலோ?” என்றார். பதினெட்டுப் புள்ளி தந்தார்.

இருபத்தைந்துக்கு இருபத்துமூன்று வாங்கினது கடைசி வாங்கில் இருந்த ஒரு பெடியன். வகுப்பில் வாய் திறக்காதவன். வீரவாகுவை எடுத்திருந்தான், சுடலையை அல்ல, காசித் தெருவில் அடிமையை விலைக்கு வாங்கும் நேரத்தை. சேர் அதை வாசித்துக் காட்டினார். எனக்கு நினைவிருக்கிற அளவில் இப்படி வரும்:

“கையைப் பார்த்தேன். காய்ப்பு இல்லை. இவன் விறகு தூக்கினவன் இல்லை. என்ன வேலை என்று சொன்னதும் அவன் முகம் சுருங்கியது. சுற்றி நின்ற சனத்தின் முகமும் சுருங்கியது. ஐயோ, இவனுக்கா இந்த வேலை என்றார்கள். இதே தெருவால் நான் தினமும் போகிறேன். எனக்காக ஒரு முகமும் சுருங்கினது இல்லை.”

வகுப்பில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கோயில் கிணறுகளும் தேநீர்க்கடைப் பேணிகளும் ஆளுக்கு ஆள் வேறாக இருந்த கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எவரும் வகுப்பறையில் பேசுவதில்லை. முன் வாங்கிலிருந்து ஒருத்தி எழும்பி, “சேர், வீரவாகு உண்மையில யமதர்மன் எல்லோ?” என்று கேட்டாள். சேர் கட்டுரையை மேசையில் வைத்தார். “அது கடைசியில, மீட்சிக் காண்டத்தில தெரியவாறது. இது காசித் தெரு. இப்ப அந்தாள் சுடலைக்காரன். இருங்கோ.”

இன்றைக்கு யோசித்தால், அந்தப் பரீட்சை ஆயத்தத்தில் எனக்குப் பிடிபட்டது அவ்வளவும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. வைரமுத்து பாடிய அரிச்சந்திரனுக்காக அழுத சனத்தில் எத்தனை பேர் வீரவாகுவைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? நாடகம் அவனுக்குக் கொடுத்தது சில வசனங்கள்தான். மிச்சத்தை ஒரு பதினாறு வயதுப் பெடியன் எழுதினான். அதுவும் எங்கிருந்தோ கடன் வாங்கி எழுதினதாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, பரீட்சையில் யார் வந்தார் என்று கேட்பீர்கள். நட்சத்திரேசன். கடனை அறவிடப் பின்னால் வந்து அரிச்சந்திரனைப் படாத பாடு படுத்தும் பகிடிக்காரன். மண்டபத்தில் ஆளுக்கு ஆள் சிரித்துக்கொண்டு எழுதினோம். நல்ல புள்ளிகளும் வந்தன, ஆனால் அந்த விடைகளில் ஒரு வரிகூட எனக்கு இன்று ஞாபகம் இல்லை.

அப்புறம் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு, யாழ்ப்பாணத்துச் சனம் போரால் மொத்தமாக ஊரைவிட்டு வெளிக்கிட்டது. கொப்பிகளைக் காவிக்கொண்டு செம்மணி கடந்தவர்கள் எவருமில்லை. என்றாலும் சேர் நல்ல கட்டுரைகளைக் கார்பன் வைத்துப் பிரதி எடுத்துச் சிலரிடம் கொடுத்து வைத்தவர். எங்கள் வகுப்புக்காரர் எவரிடமாவது அந்த வீரவாகு கட்டுரை தப்பியிருந்தால் மலர்க் குழுவுக்கு அனுப்பி வையுங்கள். எழுதினவர் இப்போது இங்கேதான், இரண்டு பஸ் தூரத்தில் இருக்கிறார். கேட்டேன். தன்னிடம் இல்லை என்கிறார். அச்சில் போடச் சம்மதம், பெயர் வேண்டாமாம்.