சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டால் போதுமா? டெல் ஆர்720-க்கு ப்ராசசர் மாற்றுமுன்

டெல் பவர்எட்ஜ் ஆர்720 என்ற சர்வர் வெளிவந்தது 2012-ல். இன்றும் பல அலுவலக ரேக்குகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டி உறுதியானது, உதிரிபாகம் கிடைக்கிறது, ரேம் போட 24 இடம் இருக்கிறது. வாங்கும்போது செலவைக் குறைக்க ஈ5-2609 போன்ற நான்கு கோர் ப்ராசசரோடு வாங்கியிருப்பார்கள். இப்போது பழைய பொருள் சந்தையில் பத்து கோர், பன்னிரண்டு கோர் ப்ராசசர்கள் மலிவாகக் கிடைப்பதால் மாற்றிவிடலாம் என்று தோன்றும். தாராளமாக மாற்றலாம். ஆனால் சாக்கெட் (மதர்போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) ஒன்றுதான் என்று தெரிந்ததும் ஆர்டர் போட்டுவிடக் கூடாது. சாக்கெட்டில் உட்காரும் ப்ராசசர் எல்லாவற்றையும் போர்டு ஏற்றுக்கொள்வதில்லை.

முதலில் மாடலை எழுத்துப் பிசகாமல் பாருங்கள். சர்வரின் முன்பக்கம் இழுத்தால் வெளியே வரும் சின்னத் தகட்டில் சர்வீஸ் டேக் இருக்கும், ஏழு எழுத்து. அதை டெல் தளத்தில் போட்டால் தொழிற்சாலையிலிருந்து என்னென்ன பாகங்களோடு வந்தது என்று முழுப் பட்டியலும் வரும்: ப்ராசசர், ஹீட் சிங்க் (ப்ராசசரின் சூட்டை இழுக்கும் உலோகப் பாகம்), பவர் சப்ளை எல்லாம். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பெயர்கள் அவ்வளவு குழப்பம். ஆர்720, ஆர்620 இரண்டும் எல்ஜிஏ 2011 சாக்கெட். அதே தலைமுறை ஆர்420, ஆர்520 இரண்டும் எல்ஜிஏ 1356. அவற்றுக்கு ஈ5-2400 வரிசைதான். எச்பி-யிலும் இதே கதை: டிஎல்380பி ஜென்8-க்கு ஈ5-2600, டிஎல்380இ ஜென்8-க்கு ஈ5-2400. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஒன்றின் ப்ராசசர் மற்றதில் நுழையவே நுழையாது.

ஆர்720 ஏற்பது இரண்டு குடும்பங்களை: ஜியான் ஈ5-2600 (சாண்டி பிரிட்ஜ், 2012), ஈ5-2600 வி2 (ஐவி பிரிட்ஜ், 2013). வி3, வி4 என்று முடியும் எதுவும் வேண்டாம். அவை எல்ஜிஏ 2011-3; பின் எண்ணிக்கை ஒன்றே ஆனாலும் ஓரத்து வெட்டுகள் இடம் மாறியிருக்கும், கேட்கும் ரேமும் டிடிஆர்4. உட்காரவில்லையே என்று அழுத்தினால் சாக்கெட்டின் பின்கள் வளையும், அத்தோடு மதர்போர்டே போயிற்று. விளம்பரத்தில் "2011 சாக்கெட்" என்று மட்டும் போட்டிருந்தால் விற்பவரிடம் முழு எண்ணைக் கேளுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது பயாஸில், அதாவது சர்வரைத் தொடக்கி வைக்கும் போர்டு மென்பொருளில். வி2 ப்ராசசரை அடையாளம் காண ஆர்720-க்கு பயாஸ் 2.0.19 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். 2012-ல் வாங்கி அப்படியே விட்ட சர்வர் என்றால் 1 என்று தொடங்கும் பதிப்பில்தான் இருக்கும். பூட் ஆகும்போது திரையிலேயே பதிப்பு தெரியும். சர்வரை நிறுத்த முடியாத சூழல் என்றால் ஐட்ராக் (சர்வரைத் தொலைவிலிருந்து கவனிக்க டெல் தரும் வசதி) பக்கத்தில் பாருங்கள், அல்லது லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளை கொடுங்கள். புதுப்பிக்கும் வேலையைப் பழைய ப்ராசசர் சாக்கெட்டில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். முதலில் ஐட்ராக்கும் லைஃப்சைக்கிள் கன்ட்ரோலரும் (சர்வருக்குள்ளேயே இருக்கும் டெல் நிர்வாக மென்பொருள்), பிறகு பயாஸ். 1.x-லிருந்து கடைசிப் பதிப்புக்கு ஒரே தாவலாகத் தாவாமல், நடுவில் ஏதாவது ஒரு 2.x பதிப்பில் நின்று போவது பாதுகாப்பு. முடிந்ததும் இரண்டு முறை ரீபூட் செய்து, புதிய எண் திரையில் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும்.

முறை மாறினால் என்ன ஆகும்? மின்சாரம் வரும், மின்விசிறிகள் முழு வேகத்தில் இரையும், திரை கறுப்பாகவே இருக்கும், முன்பக்க எல்சிடி ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். ப்ராசசர் செத்துவிட்டது என்று விற்றவரிடம் சண்டைக்குப் போவதும் இந்தக் கட்டத்தில்தான். ஐட்ராக் மட்டும் திறக்கும், ஏனென்றால் அதற்குத் தனிச் சிப் உண்டு. சரி, அதன் வழியாகவே பயாஸ் ஏற்றிவிடலாமே என்றால் அதுவும் நடக்காது. ஏற்றிய கோப்பு அடுத்த பூட்டில் நிறைவேற வேண்டிய வேலையாகக் காத்திருக்கும்; அந்த பூட் வரவே வராது. பழைய ப்ராசசரைத் திரும்பப் பொருத்துவதே வழி.

அடுத்து வாட். ஈ5-2609 80 வாட். ஈ5-2680 வி2 (10 கோர், 2.8 கிகாஹெர்ட்ஸ்) 115 வாட். ஈ5-2690 வி2, ஈ5-2697 வி2 (12 கோர், 2.7 கிகாஹெர்ட்ஸ்) இரண்டும் 130 வாட். ஈ5-2687டபிள்யூ வி2 150 வாட். அது ஒர்க்ஸ்டேஷனுக்கென்று வந்தது, ஆர்720 பட்டியலில் கிடையாது. சாக்கெட்டில் கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். கிராபிக்ஸ் கார்டு போட்ட ஆர்720 என்றால் கணக்கு இன்னும் இறுகும்: உயரம் குறைந்த ஹீட் சிங்க்தான் போட முடியும், ப்ராசசர் 115 வாட்டைத் தாண்டக் கூடாது. பவர் சப்ளையில் 495, 750, 1100 வாட் என்று வகைகள் உண்டு. இரண்டில் ஒன்று செத்தாலும் மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும் என்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள். இரண்டு 130 வாட் ப்ராசசர், நிறைய ரேம், எட்டு டிஸ்க் என்றால் 750-க்குக் கீழே இறங்க வேண்டாம். இரண்டும் ஒரே வாட்டாக இருக்கட்டும். உள்ளே போகும் காற்று 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். இரவில் ஏசியை அணைத்துவிடும் அறைக்கு 130 வாட் ஜோடி சரிப்படாது.

என் தேர்வு ஈ5-2680 வி2. சூடு, வேகம், கோர் எண்ணிக்கை மூன்றும் அதில் ஒத்துப்போகின்றன. கோர் கணக்கில் லைசென்ஸ் கட்டும் டேட்டாபேஸ் என்றால் ஈ5-2667 வி2 (8 கோர், 3.3 கிகாஹெர்ட்ஸ், 130 வாட்) நல்லது.

வாங்கும்போது மூடியின் மேல் பொறித்த குறியீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஈ5-2680 வி2 என்றால் எஸ்ஆர்1ஏ6 என்று இருக்கும். 'எஸ்ஆர்' என்று தொடங்காமல் 'க்யூ' என்று தொடங்கி, மாடல் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று இருந்தால் அது சோதனைக்காகக் கொடுத்த மாதிரிச் சிப். எவ்வளவு மலிவாக வந்தாலும் சர்வருக்கு அது வேண்டாம். முதல் தலைமுறை ஈ5-2670-ல் எஸ்ஆர்0எச்8, எஸ்ஆர்0கேஎக்ஸ் என்று இரண்டு உண்டு. முன்னது சி1 ஸ்டெப்பிங் (அதே சிப்பின் முந்தைய திருத்தம்), அதில் விடி-டி என்ற வசதியில் கோளாறு. விர்ச்சுவல் மெஷினுக்கு நேரடியாக கார்டு ஒதுக்குபவர்கள் பின்னதையே வாங்க வேண்டும். சீனாவின் தியான்ஹே-2 சூப்பர் கம்ப்யூட்டருக்காகச் செய்த ஈ5-2692 வி2 மாதிரி தனி ஆர்டர் சிப்புகளும் சந்தையில் தலைகாட்டும். டெல் பட்டியலில் இல்லாததை விட்டுவிடுங்கள். இரண்டு சாக்கெட்டிலும் ஒரே மாடல், ஒரே குறியீடு இருக்கட்டும். வி1 (பெயரில் வி2 இல்லாத முதல் தலைமுறை) ஒன்று, வி2 ஒன்று என்று போட்டால் பூட் ஆகாது.

ஒரே ப்ராசசரோடு வந்த சர்வரில் இரண்டாவதைச் சேர்ப்பவர்கள் ஹீட் சிங்க்கையும் தனியாக வாங்க வேண்டும். மின்விசிறி வரிசையில் ஏதாவது இடம் மூடி போட்டுக் காலியாக இருந்தால் அதற்கும் விசிறி வேண்டும். இரண்டாவது ப்ராசசருக்கு பி1 முதல் பி12 வரை தனி ரேம் இடங்கள். முதலில் வெள்ளைக் காது உள்ள நான்கையும் நிரப்புங்கள். ரைசர் 1-ல் (கார்டுகளைச் செருகும் துணைப் பலகை) உள்ள கார்டு இடங்கள் உயிர் பெறுவதும் இரண்டாவது ப்ராசசர் இருந்தால்தான். இன்னொரு நல்ல விஷயம்: ஈ5-2609 ரேமை 1066 வேகத்துக்கு மேல் ஓட்டாது. ஏற்கெனவே 1600 ரேம் போட்டிருந்தால் ப்ராசசர் மாறியதும் அதன் முழு வேகமும் கிடைக்கும். ஆனால் ஒரு சேனலில் (ப்ராசசரிலிருந்து ரேமுக்குப் போகும் பாதை) மூன்று ரேம் என்று அடுக்கியிருந்தால் வேகம் மறுபடி இறங்கிவிடும்.

பொருத்தும் நாளில் இரண்டு மின்கம்பிகளையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். ஹீட் சிங்க்கின் நான்கு ஸ்க்ரூவில் ஒன்றைத் தளர்த்தி அரை நிமிடம் காத்திருங்கள். ப்ராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே தடவிய, காய்ந்த பேஸ்ட் பிடி விடட்டும். பிறகு மூலைக்கு மூலை எதிராக மற்றவற்றைக் கழற்றுங்கள். சாக்கெட்டுக்கு இரண்டு லீவர். திறந்த பூட்டுப் படம் உள்ளதை முதலில் திறக்க வேண்டும், மூடிய பூட்டுப் படம் உள்ளதை முதலில் மூட வேண்டும். ப்ராசசரை எடுத்ததும் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். 2011 பின்களும் ஒரே சீராக, நெல் வயல் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து மின்னும். எங்காவது ஒரு புள்ளி மட்டும் இருண்டோ வரிசை தப்பியோ தெரிந்தால் அங்கே ஒரு பின் வளைந்திருக்கிறது. புதிய ப்ராசசரின் அடிப்பக்கப் பொன் புள்ளிகளை விரலால் தொடாதீர்கள். வாங்கியபோதே பேஸ்ட் ஒட்டியிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். முக்கோணக் குறியை முக்கோணத்தோடு சேர்த்து, மேலிருந்து நேராக இறக்குங்கள். தன் எடையிலேயே உட்கார வேண்டும்.

பூட் ஆகும்போது எஃப்2 அழுத்தி, வரும் அமைப்புத் திரையில் ரேம் அளவைப் பாருங்கள். 128 ஜிபி போட்டிருக்க 96 மட்டும் காட்டினால் ரேமைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். இந்தத் தலைமுறையில் மெமரி கன்ட்ரோலர் ப்ராசசருக்குள்ளேயே இருப்பதால், ஒரு சேனல் காணாமல் போவது பெரும்பாலும் பின் தொடர்புக் கோளாறு. ஹீட் சிங்க் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்திருந்தாலும் இப்படி வரும். கழற்றி, துடைத்து, குறுக்கு முறையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் பல நேரம் சரியாகிவிடும். லினக்ஸில் எல்எஸ்சிபியு கொடுத்தால் பத்து கோர் ஜோடிக்கு 40 திரெட் (கோருக்கு இரண்டு) வர வேண்டும். அரை மணி நேரம் முழுச் சுமை கொடுத்து, ஐட்ராக்கில் வெப்பத்தைப் பார்த்த பிறகு வேலைக்கு விடுங்கள்.

மென்பொருள் பக்கத்தை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. ஐவி பிரிட்ஜில் ஏவிஎக்ஸ் (வேகமான கணக்குக்கான ப்ராசசர் கட்டளைத் தொகுப்பு) உண்டு, ஏவிஎக்ஸ்2 கிடையாது. ரெட் ஹேட் லினக்ஸ் 10 கேட்பது ஏவிஎக்ஸ்2 உள்ள ப்ராசசரை, ஆகவே ஆர்720-ல் எந்தப் ப்ராசசர் போட்டாலும் அது ஏறாது. பதிப்பு 9 ஏறும். 10-தான் வேண்டும் என்பவர்களுக்கு அல்மாலினக்ஸ் பழைய ப்ராசசர்களுக்கென்று தனி வெளியீடு தருகிறது. வி1 சர்வரும் வி2 சர்வரும் ஒரே விஎம்வேர் கிளஸ்டரில் இருந்தால் ஈவிசி-யை (வெவ்வேறு தலைமுறை ப்ராசசர்களைப் பொதுவான நிலைக்குக் கொண்டுவரும் அமைப்பு) சாண்டி பிரிட்ஜ் நிலையில் வையுங்கள். விண்டோஸ் சர்வர் 2016 முதல் லைசென்ஸ் கோர் கணக்கு, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16. நான்கு கோர் ஜோடிக்கு அந்த 16 போதும். பன்னிரண்டு கோர் ஜோடிக்கு மாறினால் 24 ஆகிவிடும், இரண்டு கோர் பேக் நான்கு கூடுதலாக வாங்க வேண்டும். ப்ராசசர் விலையைவிட அந்தச் செலவு பெரிதாகிவிடலாம்.

கழற்றிய பழைய ஜோடியை உடனே விற்றுவிடாதீர்கள். பிளாஸ்டிக் கூட்டில் வைத்து, குறியீட்டை மேலே எழுதி, ஒரு மாதமாவது சர்வர் அறையிலேயே வைத்திருங்கள். இரண்டாவது சாக்கெட்டிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் மூடி இருந்தால் அதையும் அதோடு போட்டு வையுங்கள். என்றாவது அந்தச் சாக்கெட்டைக் காலியாக விட வேண்டி வந்தால் பின்களை மூட அது ஒன்றுதான் இருக்கும்.