சமையல் புத்தகம் என்று வாங்கியது

எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்குப் பள்ளிக்கூட நினைவு ஏதாவது எழுதித் தாருங்கள் அண்ணை என்று மலர்க்குழுத் தம்பி மூன்று தரம் தொலைபேசி எடுத்துவிட்டார். கிரிக்கெட் மட்ச் பற்றியும் விடுதிச் சாப்பாடு பற்றியும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் எழுதப்போவது எங்கள் பள்ளிக்கூட வாசலை மிதித்தே இராத, மார்கேரிஸ் ஸரின்ஷ் என்ற ஒரு லாத்வியக்காரரைப் பற்றி. அவரை நினைத்தால் எனக்கு எங்கள் கணக்கு மாஸ்டரின் முகம்தான் முதலில் வரும்.

உயர்தர வகுப்பில் படிக்கும்போது நான் மிருதங்கமும் வாசித்தேன். ஒரு தவணைச் சோதனையில் தூய கணிதத்துக்கு 38 புள்ளி. மாஸ்டர் என் விடைத்தாளை மேசையில் விரித்து, அதன் மேல் "தா தீ தொம் நம்" என்று விரலால் தட்டிக் காட்டினார். வகுப்பே சிரித்தது. "டேய், இரண்டு தோணியிலை கால் வைச்சால் கடலுக்குள்ளைதான்" என்றார். அன்று பின்னேரமே மிருதங்கத்தைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டேன்.

83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு சோவியத் புலமைப்பரிசில் கிடைத்து, விமானப் பொறியியல் படிக்க, அப்போது சோவியத்துக்குள் இருந்த லாத்வியாவின் தலைநகர் ரீகாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு மாடிக்கு ஒரு குசினி. கறுப்புப் பாண், பன்றிக் கொழுப்புப் போட்டு அவித்த சாம்பல் நிறக் கடலை, அதற்கு மேல் அம்மா அனுப்பிய மிளகாய்த்தூள். எத்தனை நாளைக்குத்தான் அப்படிச் சாப்பிடுவது? ஒரு நாள் புத்தகக் கடையில் ஒரு ரஷ்யப் புத்தகத்தின் தலைப்பில் "பவாரென்னயா க்னீகா" என்ற இரண்டு சொல்லைக் கண்டேன். சமையல் புத்தகம்! காசைக் கொடுத்துவிட்டு விடுதிக்கு ஓடிவந்தேன்.

முழுத் தலைப்பு: "போலி பாவுஸ்ட், அல்லது திருத்திய, கூட்டிச் சேர்த்த சமையல் புத்தகம்." அது நாவல். 1930களின் லாத்வியாவில் ஒரு கிழ மருந்துக்கடைக்காரர், அவர் எழுதி வைத்த சமையல் புத்தகம், அதைத் திருத்தித் தருகிறேன் என்று வந்து ஒட்டிக்கொள்ளும் ஓர் இளைஞன். அவன் பெயர் கிறிஸ்தோபர்ஸ் மார்லோவ்ஸ். பிசாசுக்கு ஆன்மாவை விற்ற பாவுஸ்டின் பழங்கதையை ஆங்கிலத்தில் நாடகமாக்கிய மார்லோவின் பெயரைப் பிசாசின் வேடத்துக்கே கொடுத்த குறும்பு எனக்கு விளங்கக் கன நாள் பிடித்தது. அகராதியோடு இருபது பக்கம் போனேன். கடலை அடிப்பிடித்தது.

மறுநாள் ரஷ்ய மொழி ஆசிரியையிடம் முறையிட்டேன். அவர் லாத்வியப் பெண். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, "இவர் எங்கள் இசையமைப்பாளர் அல்லவா!" என்றார். அது வேறு ஆளாக இருக்கும் என்றேன். இல்லை, இரண்டும் ஒரே ஆள்தான் என்று அட்டையில் பெயரைத் தொட்டுக் காட்டினார்: மார்கேரிஸ் ஸரின்ஷ்.

பிறகு அந்த அம்மா வகுப்பு முடிந்து கோட்டு மாட்டும் நேரங்களில் துண்டு துண்டாகச் சொன்ன கதை இது. 1910 மே மாதம் யவுன்பியபல்கா என்ற ஊரில் பிறந்தவர். அந்தப் பியபல்கா வட்டாரமே ஒரு மாதிரியான மண்தான். லாத்விய மொழியின் முதல் பெரிய நாவலை எழுதிய கவுட்ஸீத்தே சகோதரர்கள், பள்ளிக்கூட வாத்திமார், அந்தப் பக்கத்து ஆட்கள். இசையமைப்பாளர் எமில்ஸ் தார்ஸின்ஷும் அங்கே பிறந்தவர். ஸரின்ஷ் ரீகா இசைக் கல்லூரியில் ஓர்கனும் இசையமைப்பும் படித்தார். 1940களில் நாடக அரங்கொன்றின் இசைப் பொறுப்பாளர். நாடகக்காரரோடு பழகிய வாய் அவருக்குக் கடைசிவரை போகவில்லை என்பது ஆசிரியையின் கணிப்பு.

மற்றப்படி அரசு கேட்டதையும் எழுதினார். "வால்மியெரா வீரர்கள்" என்ற ஒரட்டோரியோவுக்கு, அதாவது பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து பாடும் பெரிய இசைக்கதைக்கு, 1951இல் ஸ்டாலின் பரிசு. 1955இல் வந்த ஒப்பெராவுக்கு, அதாவது இசை நாடகத்துக்கு, கதை விலிஸ் லாட்சிஸின் நாவல். லாட்சிஸ் அப்போது லாத்விய அரசாங்கத்தின் தலைவரும்கூட. நாவலாசிரியரே அரசாங்கமாக இருந்தால் இசையமைப்பாளர் என்னதான் செய்வார்? 1956 முதல் 1968 வரை இசையமைப்பாளர் சங்கத்துக்குத் தலைவர். அதே காலத்தில்தான் பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையின் பரோக் பாணியை வேண்டுமென்றே கலந்து கேலியும் சிரிப்புமாக எழுதத் தொடங்கினார். 1963இல் வந்த "பரோக் பாணிப் பார்த்தீத்தா" என்ற இசைத்தொகுப்பின் இசைத்தட்டு ஒன்றை ஆசிரியை எனக்குப் போட்டுக் காட்டினார். தாளம் வழியில் சறுக்கி விழுந்து, ஒன்றும் நடக்காதது போல எழும்பி நடக்கும். என் விரல் தானாக மேசையில் தட்டியது. பரண் ஞாபகம் வந்தது.

அறுபது வயது வரும் நேரத்தில் இந்த மனிதர் கதை எழுத இறங்கினார். நான் ஏமாந்த அந்த நாவல் வந்தது 1973இல். அதற்குப் பிறகு புத்தகம் மேல் புத்தகம். இசைக்காரன் நேரம்போக எழுதியது என்று ஒருவரும் அதை ஒதுக்கவில்லை. லாத்விய உரைநடையில் அதற்கென்று ஓர் இடம் உண்டு.

1985 ஆடியில் ஆசிரியை எங்கள் நாலு பேரை மெஷபார்க்ஸ் காட்டுக்குள் இருக்கும் பாட்டு விழா மேடைக்குக் கூட்டிப்போனார். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடும் விழா. யாஸெப்ஸ் வீதொல்ஸ் இசையமைத்த "ஒளிக் கோட்டை" அந்த முறை நிரலில் இல்லை. கடைசி நாள் சனம் விடவில்லை. ஓரங்கட்டப்பட்டிருந்த முதிய நடத்துனர் ஹரால்ட்ஸ் மெட்னிஸை மேடைக்கு அழைத்து, அதைப் பாட வைத்த பிறகுதான் ஓய்ந்தது. தாழ்ந்துபோன கோட்டை ஒரு நாள் மேலே எழும் என்ற பாட்டு. பக்கத்தில் நின்ற ஆசிரியை பாடிக்கொண்டே என் கையைப் பிடித்திருந்தார், நல்லாய் நொந்தது. முடிந்ததும், "உன் சமையல்காரரின் வாத்தியார் போட்ட மெட்டு" என்றார்.

உண்மைதான். வீதொல்ஸிடம்தான் ஸரின்ஷ் இசையமைப்புப் படித்தார். பீட்டர்ஸ்பர்க்கில் பேராசிரியராக இருந்து, 1919இல் ஊருக்கு வந்து லாத்வியாவின் இசைக் கல்லூரியைத் தொடக்கியவர் வீதொல்ஸ். 1944இல் போருக்குத் தப்பி ஜெர்மனிக்குப் போனார், 1948இல் லூபெக்கில் காலமானார். மாணவன் ஊரில் நின்று, பரிசும் பதவியும் வாங்கி, சிரிப்பையும் விடாமல் காப்பாற்றினார். லாத்வியா மறுபடி தனி நாடானதைப் பார்த்துவிட்டு, 1993 பெப்ரவரியில் ரீகாவில் இறந்தார்.

ரொறன்ரோவில் எங்கள் சங்கத்தின் இராப்போசனம் ஒன்றுக்கு, மகனிடம் வந்திருந்த மாஸ்டரை அழைத்திருந்தோம். தொப்பி, மப்ளர், கையில் சூப்புக் கோப்பை. நான் பக்கத்தில் இருந்து இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். சேர், அந்தாள் இரண்டு தோணியிலும் கால் வைத்து எண்பது தாண்டினவர் என்று முடித்தேன். மாஸ்டர் சூப்பைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை.

"எல்லாம் சரி. அந்தாள் கணக்கிலை எத்தனை எடுத்தவர்?"